ஏரிக்கரையில் நான் விசில் ஊதியது

கும்மிடிப்பூண்டி தாண்டி ஷேர் ஆட்டோ நாலு கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, என் செல்போனில் 'ஆந்திரப் பிரதேசம் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று மெசேஜ் வந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர் ஏதோ எட்டிப் பிடித்திருக்கிறது. திருநின்றவூரில் கிளம்பி, திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தவனுக்குக் கிடைத்த மரியாதை. வெளிநாடு போனவர்களெல்லாம் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். வெளிமாநிலத்து மெசேஜ் வரைக்கும் போன நான் எழுதக் கூடாதா?

போன காரியம் நடப்பது. ஏரிக்கரையில், காலை வேளையில், கைவீசி நடப்பது. இதில் என்ன விபரீதம் நடந்துவிடப் போகிறது என்றுதான் கிளம்பினேன். விபரீதத்தைக் கையோடு கொண்டுபோகிறவன் நான்தான் என்று அப்போது தெரியாது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் பதினெட்டு வருஷமாக நான் சேஃப்டி சூப்பர்வைசர். தலையில் ஹெல்மெட், கழுத்தில் விசில். கூரை, கிரேன், சாரம் என்று உயரத்தில் ஏறி வேலை செய்கிற எல்லோருக்கும் எங்கள் கம்பெனியில் 'ஹைட் பாஸ்' என்று ஒரு அட்டை வேண்டும். ரத்த அழுத்தம் நூற்று நாற்பதைத் தாண்டினால் அந்த அட்டை கிடையாது. தாண்டியவர்களிடம், “போய் ஏரிக்கரையில ஒரு வாரம் நடந்துட்டு வா” என்று சொல்லித் திருப்பி அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். அந்த ஏரியை நான் பார்த்தது கிடையாது. கம்பெனி பஸ் தினமும் அதன் பக்கமாகத்தான் போகிறது. ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த மூன்றாவது நிமிஷம் எனக்கு வாய் திறந்து கண் மூடிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் சுதர்சன் என்று ஒரிசாக்காரர் ஒருவருக்கு 142 வந்தது. நாற்பது வயதுக்காரர், கான்ட்ராக்டில் ரிக்கர், அதாவது பெரிய பெரிய இரும்புத் தூண்களைக் கயிறு கட்டி மேலே ஏற்றுகிறவர். “ரெண்டு பாயிண்ட்தான் சார்” என்று கெஞ்சினார். “ரெண்டு பாயிண்ட்தான்னு கீழ இருக்கிற சிமென்ட் தரைக்குத் தெரியாதுப்பா” என்று வசனம் பேசினேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். எனக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதே பரிசோதனை உண்டு.

164.

மாத்திரை எழுதித் தந்தார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னார். “அடுத்த செவ்வாய் மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் நீங்க மேல ஏறாதீங்க. நூத்தி நாப்பதுக்குள்ள வரலைன்னா கொஞ்ச நாள் கேட்ல இருங்க” என்றார்.

கேட் என்றால் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட் எடுத்துத் தருவது. பதினெட்டு வருஷமாக யார் யாரையெல்லாம் விசில் ஊதிக் கீழே இறக்கினேனோ, அவர்கள் எல்லோரும் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் வருவார்கள். அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்த மாத்திரத்தில் 164 என்பது 170 ஆகியிருக்கும்.

நாலு நாள் லீவு போட்டேன். கிளம்புகிற அவசரத்தில் மேஜையில் கிடந்த எட்டுப் பத்து காகிதங்களில் தலையும் வாலும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன். மகள் தன் ஸ்மார்ட் வாட்ச்சை என் கையில் கட்டிவிட்டாள். நாடித்துடிப்பு ஏறினால் அது கையைக் கிள்ளுவது மாதிரி அதிரும். துடிப்பு ஏறுவதால் அது அதிர்ந்தது கொஞ்சம். அது அதிர்ந்ததால் துடிப்பு ஏறியது நிறைய.

“நம்ம ஊர்லயும் ஏரி இருக்கே, அங்க நடக்கலாமே” என்றாள் என் மனைவி ஜெயந்தி. இருக்கிறது. எங்கள் அடுக்குமாடிக்குப் பெயரே ஏரி தெரியும் வீடுகள் என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நாங்கள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை; மழைக்காலத்தில் அதுவே கார் நிறுத்தும் இடம்வரை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகும். அதோடு, தெரிந்தவர்கள் நடுவில் நடப்பதற்கு எனக்கு வெட்கம். ஜெயந்தியின் அக்கா வசந்தாவைக் கட்டிக்கொடுத்திருப்பது கும்மிடிப்பூண்டி பக்கத்து ஏரிக்கரைக் கிராமத்தில்தான். அவர் கணவர் தேசப்பன் என் சகலை. ஏரிக்குக் கீழே நெல் பயிரிடுகிறவர். விசேஷங்களுக்கெல்லாம் ஜெயந்திதான் போய்வருவாள்; இந்தத் தடவை நானே அங்கே போய்த் தங்கி நடப்பது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை, ஷேர் ஆட்டோ. டிரைவரைச் சேர்த்துப் பத்துப் பேர். என் முழங்காலுக்கும் எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாளின் முழங்காலுக்கும் நடுவில் ஒரு கூடை. பழவேற்காட்டு நண்டு. கொடுக்கையெல்லாம் நாரால் கட்டித்தான் வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு மட்டும் கட்டு அவிழ்ந்துபோய், அது கூடையின் விளிம்பில் ஏறி நின்று, பத்துப் பேரில் என்னைத் தேர்ந்தெடுத்தது.

நான் கத்திய கத்தலில் ஆட்டோ நின்றுவிட்டது.

“கால தூக்கிக்கினு குந்து நைனா. அது இன்னா உன்ன முழுங்கவா போவுது?” என்று அந்த அம்மாள் நண்டை முதுகுப்பக்கமாகப் பிடித்துக் கூடைக்குள் போட்டார்.

கையில் வாட்ச் அதிர்ந்தது. பார்த்தேன். துடிப்பு 131. 'உடற்பயிற்சியைத் தொடங்கிவிட்டீர்களா?' என்று கேட்டது.

அன்று சாயங்காலம் வசந்தா அண்ணி தட்டில் வைத்தது ஏரிக் கெண்டை வறுவல், கருவாட்டுக் குழம்பு, மோர்மிளகாய், அப்பளம். “உப்பு கம்மியாப் போடச் சொல்லி ஜெயந்தி போன்ல சொன்னா. அதான் சோத்துல உப்பே போடல” என்றார். சோற்றில் யார் உப்புப் போடுகிறார்கள் என்று கேட்க நினைத்தேன். வாயில் கருவாடு இருந்தது.

தேசப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா சகல, நடக்கறதுக்குன்னே டிரெயின் ஏறி வந்தியா?”

“ஆமா.”

“நடந்து எங்க போவ?”

“எங்கயும் இல்ல. போய்ட்டு அதே வழியில திரும்ப வருவேன்.”

“சரி. உன் ஒடம்பு, உன் காலு” என்றார்.

சனிக்கிழமை காலை. மார்கழிப் பனி ஏரிமேல் படுத்திருந்தது. கரையின் மேல் ஒன்றரை கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டு, 'இயற்கை நடைபாதை' என்று வளைவு வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், ஏரியின் வடக்குக் கரையில் தொழிற்பேட்டைப் புகைபோக்கிகள். நூறு மீட்டருக்கு ஒரு பலகை: கூழைக்கடா, கரண்டிவாயன், நாமக்கோழி என்று பறவைப் படங்கள். நடுநடுவே 'ஆழ்ந்து மூச்சு விடுங்கள்', 'கவலையை இறக்கி வையுங்கள்'. நான் ஆழ்ந்து மூச்சு விட்டேன். உடனே மூச்சு சரியாக வருகிறதா என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததும் வரவில்லை. கூழைக்கடா பலகையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன்.

அங்கே நிற்கும்போது பனிக்குள்ளிருந்து ஒடியாவும் இந்தியும் கலந்த பேச்சு கேட்டது. தொழிற்பேட்டையில் இருந்து இருந்து எனக்கு இந்தி பாதி புரியும்.

“நம்ம ஊர்ல நடந்தா எங்கயாவது போய்ச் சேருவோம். இங்க என்னடா இப்படி?” என்றது ஒரு குரல்.

“பிரஷர் குறையுமாம்.”

“யார் சொன்னா?”

“விசில்காரர்.”

பனி விலகி மூன்று பேர் வந்தார்கள். நடுவில் சுதர்சன். நான் சட்டென்று பலகைக்குப் பின்னால் போய்விட்டேன். கூழைக்கடாவின் கால்களுக்குக் கீழே என் கால்கள் தெரிந்திருக்கும். அவர்கள் கடந்துபோனார்கள். நான் சொன்ன ஒரு பேச்சைக் கேட்டு ஒரு மனிதர் நிஜமாகவே நடக்கிறார் என்பது எனக்குப் பெருமையாக இருக்க வேண்டும். கழுத்தில் கிடந்த விசிலைப் பனியனுக்குள் தள்ளிக்கொண்டேன். லீவிலும் விசிலா என்று கேட்காதீர்கள். சிலருக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி எனக்கு அது.

வளைவுக்குப் பக்கத்தில் ரமணம்மா என்கிற அம்மாள் கேழ்வரகுக் கூழ் விற்கிறார். தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. உப்புப் போடாத கூழ் கேட்டேன். பக்கத்தில் நின்றிருந்த பெண்ணிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் எனக்குச் சொல்லிவிட்டாள்: “உப்பில்லாம கூழ் கேக்கறவர் நேத்து ஷேர் ஆட்டோவுல நண்டப் பாத்துக் கத்துனவராத்தான் இருக்கணும்னு சொல்றாங்க.” ஒரே நாளில் எல்லைவரை புகழ் பரவிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பினால் தேசப்பன் வாசலில் அவசரமாகச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். எரு வண்டி வருகிறது, இறக்க வேண்டும் என்று ஏதோ சொன்னார். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு எழுதுகிறேன்.

எட்டு மணி இருக்கும். முந்தின நாளைவிடப் பனி கெட்டி. வாடைக்காற்று. பாதி தூரம் நடந்திருந்தேன், மூக்கில் ஏறியது ஒரு நெடி. கண்ணில் நீர் வர வைக்கிற நெடி. எனக்கு அது தெரியும். அம்மோனியா. வருஷத்துக்கு இரண்டு தடவை வகுப்பெடுக்கிறேன், எனக்கா தெரியாது?

மூக்கைப் பொத்திக்கொண்டு வடக்குக் கரையைப் பார்த்தேன். தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வெள்ளையாக ஒரு படலம் தண்ணீர்மேல் நகர்ந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அது கேட்டது. சைரன். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஊளையிடுகிற சைரன்.

ஏறி இறங்கினால் ஆபத்து. ஒரே நீளமாக ஒலித்தால் ஆபத்து நீங்கியது. சின்னக் குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பனியனுக்குள்ளிருந்து விசில் தானாகவே வாய்க்கு வந்தது.

“கேஸ் லீக்! எல்லாரும் நில்லுங்க! யாரும் முன்னால ஓடாதீங்க!” கைக்குட்டையை உயர்த்திப் பிடித்தேன். காற்று வடக்கிலிருந்து தெற்கு. விஷவாயு வந்தால் காற்றின் போக்கில் ஓடக் கூடாது, எதிர்த்தும் ஓடக் கூடாது, குறுக்கே ஓட வேண்டும். குறுக்கே என்றால் கிழக்கில் ஏரி, மேற்கில் வயல். “மேக்கால! மேக்கால! துணிய நனைச்சு மூக்குல கட்டு!”

என் பேச்சை வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆனால் விசிலோடு கத்தினால் உலகமே கேட்கும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், அவர் மனைவி, ஓடிப் பழகும் இரண்டு பெண்கள், தூண்டில் போட்டிருந்த ஒருவர், கூழ்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ரமணம்மா. பின்னால் சுதர்சனும் அவர் கூட்டாளிகள் இருவரும். சுதர்சன் ஓடிவந்துகொண்டே, “சார், டெஸ்ட் சார், டெஸ்ட்” என்று ஏதோ சொன்னார். “பேசாத! ஓடு!” என்றேன். ஓடினார்.

கரைச்சரிவில் இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, பச்சைப்பசேலென்று மெத்தை விரித்த மாதிரி இருந்த ஓர் இடத்தில் முழங்கால் சேற்றில் போய் நின்றோம். நெடி குறைந்தபாடில்லை, சொல்லப்போனால் அதிகமாக இருந்தது. நான் விதிப்படி தலை எண்ணினேன். ஒன்பது பேர். என்னோடு பத்து. வாட்ச் அதிர்ந்தது: 'வாழ்த்துகள்! இன்றைய இலக்கை முடித்துவிட்டீர்கள்.'

அப்போது சைரன் ஊளையை நிறுத்தி ஒரே நீளமாக ஒலித்தது. அடங்கியது.

சரியாக இரண்டு நிமிஷம். இந்த இரண்டு நிமிஷத்தை எங்கேயோ படித்திருக்கிறேனே என்று தோன்றியது. படிக்கவில்லை; எழுதியிருக்கிறேன்.

“மாசத்து முதல் ஞாயிறு, எட்டு மணி, சைரன் டெஸ்ட்” என்றார் சுதர்சன், மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்தபடி. “கேன்டீன் போர்டுல ஒட்டியிருந்தாங்க. இந்தியிலயும் இருந்துச்சு. கீழ உங்க கையெழுத்து.”

பதினெட்டு வருஷமாக அந்தச் சைரனைக் காதடைப்பான் போட்டுக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன். வெளியிலிருந்து, தண்ணீர்மேல் மிதந்து வந்தால், அது யாரோ ஒருவரின் சைரன்.

“முதல்லயே தெரியும்னா எதுக்கய்யா ஓடி வந்தீங்க?”

“டெஸ்ட்டா இருந்தாலும் ஓடணும், கேள்வி கேக்கக் கூடாதுன்னும் அதுலயே எழுதியிருந்தது சார்.”

“அப்ப இந்த நெடி?” என்றேன் ரமணம்மாவிடம். கடைசிக் கொம்பு அது. அதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

“கோழி எரு நைனா. நேத்து தேசப்பன் ரெண்டு லோடு எறக்கினாரு. அதோ, வரப்பு மேல குவிச்சிருக்குது பாரு.”

அந்தக் குவியலுக்குப் பின்னாலிருந்து தேசப்பன் மண்வெட்டியோடு வந்தார். எங்களைப் பார்த்தார். எங்கள் காலைப் பார்த்தார். மண்வெட்டியை மெதுவாகத் தரையில் ஊன்றினார். அதுதான் பயமாக இருந்தது.

“சகல. நீ நின்னுக்கினு இருக்கறது இன்னான்னு தெரியுமா?”

“புல்லு?”

“நாத்தங்கால். எம் மூணு ஏக்கராவுக்கும் இங்க இருந்துதான் பிடுங்கி நடணும்.”

பத்துப் பேர் கால்கள், இருபது. அதில் ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று அழுந்தியது. ஒவ்வொருவராக, பிள்ளையை எழுப்பாமல் கட்டிலைவிட்டு இறங்குகிறவர்கள் மாதிரி, வரப்புக்கு ஏறினோம். பாதி நாற்று சேற்றோடு சேறாகிப் போயிருந்தது. நவரைப் பட்டத்து நாற்று. நாள் தவறினால் நடவு தவறும்.

வாத்தியார் மட்டும் என் தோளைத் தட்டி, “நல்ல குரல் சார் உங்களுக்கு” என்றார்.

சுதர்சனும் கூட்டாளிகளும் போகவில்லை. “எங்க ஊர்லயும் நெல்லுதான்” என்று பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். சாய்ந்து கிடந்த நாற்றை விரல் நுனியால் நிமிர்த்த ஆரம்பித்தார்கள். தேசப்பன் அவர்களுக்குப் பக்கத்தில் குந்தினார். மூன்று பேருக்குத் தமிழ் அரைகுறை, ஒருவருக்கு இந்தி சுத்தமாக வராது. வேலை நடந்தது. எனக்கு மட்டும்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. நின்றேன்.

அன்றைக்கு அண்ணி வைத்த நாஷ்டாவில் எதிலும் உப்பு இல்லை. இட்லி, சாம்பார், சட்னி எதிலும். டாக்டர் சொன்னதாலா, கோபத்தாலா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை நடைபாதைக்குப் போகவில்லை. தேசப்பன் கைவசம் கொஞ்சம் விதைநெல் வைத்திருந்தார். ஞாயிறே ஊறப் போட்டாயிற்று. செத்துப்போன பாதியை மறுபடி மிதித்து, பலகை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். வாட்ச்சைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு இறங்கினேன். மிதித்தவனே மிதிக்கட்டும் என்று நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரும் என்னோடு பேசவில்லை.

தண்ணீர் விடுவதற்காக மதகு வரைக்கும் கரைமேல் நடந்தோம். அவர் முன்னால் மண்வெட்டியோடு, நான் பின்னால் பலகையோடு. அதே நடைபாதை. அதே கூழைக்கடாப் பலகை. வெறுங்காலில் சேறு காய்ந்து உதிர்ந்தது. திரும்பி வந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா பார்க்க வேண்டும், வரவில்லை என்றால் மறுபடி மதகுக்குப் போக வேண்டும். நாலு தடவை போய்வந்தோம். மூச்சு எப்படி விட்டேன் என்று கேட்டால் தெரியாது. பார்க்க மறந்துவிட்டேன்.

நாலாவது தடவையில் தேசப்பன் வாயைத் திறந்தார். “நெசமாவே கேஸ் வந்திருந்தா நீ சொன்ன வழிதான் சரியா?”

“சரிதான்.”

“அப்ப எனுக்கும் சொல்லிக் குடு. தெனம் நாந்தான் இங்க கெடக்கறேன்.”

காற்றைப் பார்ப்பது எப்படி, குறுக்கே போவது எப்படி என்று மதகின்மேல் நின்று சொல்லிக் கொடுத்தேன். முழுசாகக் கேட்டார். “குறுக்கால, ஆனா நாத்தங்கால வுட்டுட்டு” என்றார்.

“ஒருநாள் பிரஷர் பாத்துக்கங்க சகல” என்றேன்.

“பாத்துட்டு உன்ன மாதிரி ஆயிடவா?” என்றார். ஆனால் பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மருத்துவ அறை பெஞ்சில் ஐந்து பேர். எனக்கு முன்னால் சுதர்சன். அவருக்கு 132. அட்டையில் முத்திரை குத்திவிட்டார்கள். அவர் போகாமல் சுவரில் சாய்ந்து நின்றார்.

எனக்கு முதல் தடவை 150. பத்து நிமிஷம் கழித்துப் பார்க்கலாம் என்றாள் நர்ஸ். “கால் ரெண்டும் தரையில வைங்க சார். பேசாதீங்க. கேட்டைப் பத்தி நினைக்காதீங்க” என்றார் சுதர்சன். முதல் இரண்டும் நான் எல்லோருக்கும் சொல்வது. மூன்றாவது அவருடையது.

இரண்டாவது தடவை நர்ஸ் கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். “142 சார். ரெண்டு பாயிண்ட்தானே. 138-ன்னு போட்டுடட்டா? ஒண்ணும் ஆகாது.”

குரலைத் தாழ்த்தினாலும் அந்த அறையில் எல்லாம் கேட்கும். சுதர்சன் மிக நாகரிகமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன் என்பதை மறைக்கவில்லை: 138 என்றால் கூரை, விசில், மரியாதை. 142 என்றால் வாசல், ஹெல்மெட், சிரிப்பு. கை நீட்டி அவள் பேனாவை வாங்கி நானே 138 என்று எழுதிவிடக்கூட ஒரு நொடி தோன்றியது.

“142-ன்னே எழுதும்மா” என்றேன். என் குரல் எனக்கே விசில் மாதிரிக் கேட்டது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றேன். ஹெல்மெட் அடுக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெல்டர்கள் வந்தார்கள், சிரித்தார்கள். நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒருவன் மட்டும், “சார், காத்து எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டு ஓடினான். அதற்குள் தேசப்பனிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது: சமன் செய்த சேற்றில் முளைகட்டிய நெல், மேலே வாசகம் ஒன்றுமில்லை. நான் கோபம் தணிந்ததாக எடுத்துக்கொண்டேன்.

கடைசியாகச் சுதர்சன் வந்தார். ஹெல்மெட் எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். தாடைக்கடியில் வார் தொளதொளவென்று தொங்கியது.

“வாரை இறுக்கு” என்றேன்.

இறுக்கினார். “வர்ற ஞாயித்துக்கிழமை சைரன் கிடையாது சார். தைரியமா நடங்க” என்று சொல்லிவிட்டு ஏணிப் பக்கம் போனார்.